கிருஷ்ணர் படத்துக்குப் பின்னால் ஒரு வைஃபை பெட்டி: திருச்சி வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

அக்கா திருச்சியில் புது வீட்டுக்குக் குடிபோன மூன்றாவது வாரம் இணைய இணைப்பு கொடுக்க ஒரு பையன் வந்தான். ஃபைபர் கம்பி எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ, அதன் பக்கத்திலேயே ஐந்தடி உயரத்தில் இரண்டு ஆணி அடித்து வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவனுக்கு இன்னும் நாலைந்து வீடு பாக்கி. ஆனால் அதே சுவரில்தான் மாமா வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் தஞ்சாவூர் ஓவியம் தொங்குகிறது. வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணர். "கிருஷ்ணர் பக்கத்துல கொம்பு முளைச்ச பெட்டி ஒண்ணு விடிய விடியக் கண்ணடிச்சிக்கிட்டு இருக்குடா" என்று அக்கா போனில் சொன்னபோது நான் சிரித்தேன்.

அடுத்த ஒரு வருடத்தில் அந்தப் பெட்டியைக் கண்ணுக்கு உறுத்தாமல் வைக்க மூன்று முறை முயன்றோம். முதல் முயற்சி அக்காவுடையது, இரண்டாவது என்னுடையது, மூன்றாவது இருவரும் சண்டை போட்டுச் செய்தது. முதல் இரண்டும் ஏன் தோற்றன என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வீட்டு அலங்காரத்தோடு வைஃபை கருவிகளைச் சேர்க்க நினைக்கும் எல்லோரும் ஏறக்குறைய இதே இரண்டு இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம். கீழே கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை. மாடியில் ஒரே அறை. அதுவும் கூடத்துக்கு நேர் மேலே இல்லை, வீட்டின் பின்பக்கமாக. அங்கேதான் அக்கா மகள் உட்கார்ந்து படிக்கிறாள், ஆன்லைன் வகுப்பும் அங்கேதான்.

முதல் முயற்சி: மாடம்

அக்காவின் யோசனை அழகான யோசனை, அதை மறுக்க முடியாது. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரில் நாலரை அங்குல ஆழத்துக்கு ஒரு மாடம் வெட்டச் சொன்னாள், பழைய வீடுகளில் விளக்கு வைக்க இருக்குமே, அந்த மாதிரி. பெட்டி, அடாப்டர், சுருட்டிய கம்பி எல்லாம் அதற்குள் போயின. அப்புறம் ஆசாரி வந்து கிருஷ்ணர் படத்தை ஒரு பக்கம் கீல் போட்டு, கதவு மாதிரி மாடத்தின் மேல் சாத்திவிட்டார். படத்தைத் திறந்தால் பெட்டி, மூடினால் வெறும் கிருஷ்ணர். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மாடியில் வகுப்பு அறுந்து அறுந்து வந்தது. யாரும் மாடத்தைச் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் கூடத்தில் டிவியும் போனும் முன்பு போலவே ஓடின. மாமா இணைய நிறுவனத்துக்கு மூன்று முறை புகார் கொடுத்தார். ஒரு முறை ஆள் வந்தார். வந்தவர் என்ன செய்வார்? பெட்டியைப் பார்க்க வேண்டுமே, படத்தைத் திறந்தார். திறந்து வைத்தபடியே எல்லா அறையிலும் வேகம் பார்த்தார். மாடி உட்பட எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. "உங்க லேப்டாப்ல ஏதோ பிரச்சனை சார்" என்று சொல்லிப் படத்தைச் சாத்திவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு நான் போனபோது கதை இந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. போனில் சிக்னல் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, வீட்டில் ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டேன். ஒவ்வோர் இடத்திலும் அதே போன், அதே உயரம், ஒரு நிமிடம் காத்திருந்து நடுவாக்கில் வரும் எண். இந்த எண்கள் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். சுழியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 3 எண் குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. வீடியோ பேச்சு தடங்கலின்றி ஓட -67 அளவுக்காவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பொதுக் கணக்கு.

படம் திறந்திருக்கும்போது மாடி மேசையில் -67. மூடினால் -79. கூடத்து சோபாவில் -45 இருந்தது -56 ஆனது. சோபாவில் 11 எண் போனாலும் மிச்சம் ஏராளமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விளிம்பில் நின்ற மாடி விழுந்துவிட்டது.

மரப்பலகைதானே, அதற்குள் இவ்வளவு எங்கே போகிறது என்று எனக்கே புரியவில்லை. ஆசாரி விட்டுப்போன பிளைவுட் துண்டு ஒன்று மொட்டைமாடியில் கிடந்தது. படத்தைக் கழற்றிவிட்டு அதை மாடத்தின் மேல் சாத்திப் பார்த்தேன். சோபாவில் -47. ஆக, மரம் தின்றது வெறும் 2. மீதியைத் தின்றது படத்தில் உள்ள வேறு ஏதோ ஒன்று.

தங்க ரேக்கு. தஞ்சாவூர் ஓவியம் என்பது பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்து மேடு கட்டி, அந்த மேட்டின் மேல் தங்க ரேக்கு ஒட்டுவது. கிருஷ்ணரின் நகைகள், தூண்கள், மேலே வளைவு, திரைச்சீலை என்று படத்தில் பெரும்பகுதி தங்கம்தான். ரேக்கு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் தங்கம் நல்ல மின்கடத்தி. ரேடியோ அலைக்கு அது கண்ணாடி மாதிரி, பட்டால் திருப்பி அனுப்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சும், சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கமும் செய்வது இதே வேலைதான். கிருஷ்ணர் பெட்டியைப் பார்த்தபடி ஒரு தட்டு பிடித்து, "அங்கேயே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் முழுப் பழியையும் தங்கத்தின் மேல் போட முடியாது. மாடத்தின் ஆழம் போதாததால் பெட்டியின் இரண்டு ஆன்டெனாக்களையும் பக்கவாட்டில் மடக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். இந்தக் குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை பரவும் வடிவத்தை மெதுவடை என்று நினைத்துக்கொண்டால் போதும். குச்சி நிமிர்ந்து நின்றால் வடை தட்டில் வைத்தது மாதிரி நாலு பக்கமும் பரவும், ஓட்டை மேலும் கீழும் பார்க்கும். குச்சியைப் படுக்க வைத்தால் வடையும் குத்துக்கு நின்றுவிடும், ஓட்டை பக்கவாட்டில் திரும்பும். அக்கா வீட்டில் அந்த ஓட்டை சமையலறையைப் பார்த்தது. சமையல் வீடியோ போட்டுப் பார்க்கும்போது சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணம் அது.

மூன்றாவது விஷயம் சூடு. படத்தைத் திறந்து பெட்டியின் அடியில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். மார்கழிக் குளிர் முழுதாகப் போகாத நாளில் அப்படி. இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் 40 டிகிரி வரையிலான அறைச் சூட்டுக்குத்தான் செய்யப்படுகின்றன. திருச்சியில் கத்திரி வெயிலில் வெளிக்காற்றே அதைத் தொட்டுவிடும், மூடிய மாடத்துக்குள் சொல்லவே வேண்டாம். அந்த வெதுவெதுப்பு ஒரு ஜீவனுக்கு மட்டும் பிடித்திருந்தது. அடாப்டருக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை இருந்தன.

இரண்டாவது முயற்சி: அழகான பெட்டி

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதை நம்பித்தான் தப்பு செய்தேன்.

வீட்டு ரவுட்டர், அதாவது வைஃபை பெட்டி, என்றாலே ஒரு காலத்தில் 2002இல் லிங்க்சிஸ் நிறுவனம் கொண்டுவந்த டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி-யின் உருவம்தான். நீலமும் கறுப்புமாய் ஒரு டப்பா, பின்னால் இரண்டு கொம்பு, முன்னால் வரிசையாய் மினுக்கும் விளக்குகள். ஆபீஸ் அலமாரியிலிருந்து நேராக வீட்டுக்குள் நடந்து வந்த மாதிரி இருக்கும். 2015 ஆகஸ்டில் கூகுள், டி.பி. லிங்க் நிறுவனத்தோடு சேர்ந்து ஆன்ஹப் என்று ஒரு ரவுட்டரை அறிவித்தது. விலை 199.99 டாலர். உருளை வடிவம். 13 ஆன்டெனாக்கள், எல்லாம் உள்ளே. வரிசை விளக்குகளுக்குப் பதிலாக மேலே ஒரே வளையமாக ஒளி. வெளியுறையை மட்டும் கழற்றி வேறு நிறத்தில் மாட்டிக்கொள்ளலாம். அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது. ரவுட்டர் அசிங்கமாக இருப்பதால் மக்கள் அதைத் தரையிலும் மறைவிலும் தள்ளிவிடுகிறார்கள், அங்கே அது சரியாக வேலை செய்வதில்லை. அழகாக இருந்தால் அலமாரியில் வெளியே வைப்பார்கள், சிக்னலும் நன்றாக வரும்.

2016இல் அதே கூகுள் சின்ன வெள்ளை வட்டமாக கூகுள் வைஃபையைக் கொண்டுவந்தது. 2019இல் வந்த நெஸ்ட் வைஃபையின் துணைப் பெட்டிகள் பனி, மணல், மூடுபனி என்று சுவர் வண்ண அட்டையிலிருந்து எடுத்த மாதிரி நிறங்களில் வந்தன. கூரையில் மாட்டும் வைஃபை கருவிகளுக்கு மரம், பளிங்கு, கான்கிரீட் போல அச்சடித்த மேலுறைகளை யுபிக்விட்டி என்ற நிறுவனம் விற்றது. 2022 கடைசியில் ஆன்ஹப்புக்கான ஆதரவை கூகுள் நிறுத்திவிட்டது. ஆனால் அது சொன்ன யோசனை மற்ற எல்லாக் கடைகளிலும் பரவிவிட்டது.

நானும் அதை நம்பி வெள்ளை உருளைகள் இரண்டு கொண்ட ஒரு மெஷ் செட் வாங்கிக் கொடுத்தேன். மெஷ் என்றால் வெவ்வேறு இடத்தில் வைத்த பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாக வேலை செய்வது. பூச்சாடி மாதிரி இருந்தது. அதுதான் வினை. இரண்டு மாதம் கழித்து அக்கா அனுப்பிய போட்டோவில் ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் ரோஜாக்கொத்து இருந்தது. காற்றுப் போகும் ஓட்டையெல்லாம் அடைபட்டாயிற்று. இன்னொன்று மீன் தொட்டிக்குப் பின்னால். தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும், மைக்ரோவேவ் அடுப்பில் குழம்பு சூடாவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையில்தான். இரண்டடித் தொட்டி நிறையத் தண்ணீர் என்றால் பெட்டிக்கு முன்னால் ஒரு குட்டிச்சுவர் கட்டியதற்குச் சமம்.

இதைவிடப் பெரிய ஓட்டை என் கணக்கில் இருந்தது. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியை எடுக்க முடியாது, கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்சாரமாக மாற்றுவது அதுதான். ஆகவே கொம்பு வைத்த பெட்டி அப்படியே இருந்தது, கூடவே இன்னும் இரண்டு பெட்டி. ஒரு அடாப்டர் மூன்றாயிற்று. அழகான கருவி வாங்கி, வீட்டில் தொங்கும் கம்பியை மூன்று மடங்காக்கியிருந்தேன்.

எது கண்ணை உறுத்துகிறது?

அடுத்த முறை போனபோது எதையும் வாங்கிக்கொண்டு போகவில்லை. கிருஷ்ணரைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைப் பழையபடி மாடத்துக்கு வெளியே சுவரில் மாட்டி, அக்காவை சோபாவில் உட்கார வைத்தேன். முதலில் பெட்டியை மட்டும் ஒரு வெள்ளைத் துண்டால் மூடினேன். "இன்னும் அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள். துண்டை எடுத்துவிட்டு, மினுக்கும் விளக்குகள் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். "கொஞ்சம் தேவலை." பிறகு பெட்டி வெளியே தெரியும்படியே விட்டு, கீழே தொங்கிய அடாப்டர் கம்பி, லேன் கம்பி (கருவிகளுக்கு இடையே இணையத்தைக் கொண்டுபோகும் கம்பி), சுருட்டிக் கட்டிய ஃபைபர் மூன்றையும் ஓர் அட்டைக்குப் பின்னால் ஒதுக்கினேன்.

"ஆங், இப்ப பரவால்லியே!"

கொம்போடு பெட்டி அங்கேதான் இருந்தது. கவனிக்கவே இல்லை. மாமா பக்கத்திலிருந்து, "மாப்ளே, இதுக்கா நான் சுவத்த வெட்டினேன்?" என்றார்.

இதற்கு அப்புறம் வேலை சுலபமாயிற்று. கம்பிகளை ஒரே இடத்தில் மறைப்பது, ரேடியோ வேலையை வேறு இடத்தில் வெளிப்படையாக விடுவது என்று இரண்டாகப் பிரித்தோம்.

கம்பி அதிகம் உள்ள ஃபைபர் பெட்டி மாடத்துக்குள்ளேயே திரும்பப் போனது. அதன் அமைப்புக்குள் போய் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டேன். இனி அது அலை எதுவும் விடப்போவதில்லை, கிருஷ்ணர் தாராளமாக முன்னால் உட்காரலாம். அங்கிருந்து மெஷ் பெட்டிகள் இரண்டுக்கும் கம்பி வழியாகவே இணைப்பு போக வேண்டும். புது வீட்டில் சுவரை மறுபடி உடைக்க மாமா விடமாட்டார். எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் வழி சொன்னார். வீடு கட்டும்போது கேபிள் டிவிக்கென்று கூடத்திலிருந்து எல்லா அறைக்கும் சுவருக்குள் பைப் விட்டிருந்தார்கள். இப்போது யார் அறைக்கு அறை கேபிள் டிவி வைக்கிறார்கள்? எல்லாம் காலி. மின்சாரக் கம்பி போகும் பைப்பும் இல்லை என்பதால் லேன் கம்பி போக அதைவிட நல்ல வழி கிடையாது. ஸ்பிரிங் விட்டு கேட் 6 என்ற வகை லேன் கம்பியை இழுத்தார், மாடிக்கு ஒன்று, மாடிப்படி ஓரத்துக்கு ஒன்று.

நடுவில் ஒரு விபத்து. மாடத்துக்குள் ஃபைபரை ஒழுங்கு செய்கிறேன் என்று ஆசாரி அதை மூலையில் நேர்கோணமாக மடக்கி கிளிப் அடித்துவிட்டார். பெட்டியில் சிவப்பு விளக்கு. செம்புக் கம்பியை மடக்கலாம், இதை மடக்கினால் உள்ளே ஓடும் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். பழைய வகை இழைக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும் என்பார்கள். வீட்டுக்குள் வரும் புது வகை 10 மில்லிமீட்டர் வரை தாங்கும். எந்த வகை என்று தெரியாதபோது டம்ளர் வாய் அளவுக்கு வட்டமாக விடுவது பத்திரம். நல்லவேளை, இழை ஒடியவில்லை. கிளிப்பைப் பிடுங்கியதும் பச்சை வந்தது.

மெஷ் உருளைகளுக்கு உடை தேட வேண்டியிருந்தது. இதில்தான் அக்கா கெட்டி. மாடிப்படி ஓர அலமாரியில் இருந்ததன் மேல், காரைக்குடியில் வாங்கிய பனையோலைக் கொட்டான் ஒன்றைக் கவிழ்த்தாள். அடியில் மூன்று மரக்குமிழ் வைத்து ஓர் அங்குலம் தூக்கிவிட்டோம், பின்பக்க ஓலையில் கம்பி நுழைய ஒரு கீறல், மேலே சூடு போக நாலைந்து இழையை உருவி எடுத்தது. காய்ந்த ஓலையில் ஈரமும் இல்லை, உலோகமும் இல்லை. கொட்டான் போட்டபோதும் எடுத்தபோதும் எண்ணில் வித்தியாசமே இல்லை, அதாவது எப்போதும் ஆடும் ஒன்றிரண்டுக்குள்தான். மாடி அறையில் மேசைக்கு மேல், முன்பக்கம் பத்தமடைப் பாயின் துண்டு ஒன்றை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய சின்னப் பெட்டி. கோரையும் அப்படித்தான், அலைக்கு அது இருப்பதே தெரியாது. அருகில் போய்ப் பார்த்தால் பாயின் இழைகளுக்கு இடையே விளக்கு மங்கலாகத் தெரியும். வேண்டுமென்றுதான் விட்டேன். இணைப்பு போய்விட்டது என்று போன் செய்தால் அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும் முதல் கேள்வியே "என்ன கலர் லைட் எரியுது மேடம்?" என்பதுதானே.

ஆசாரி இதற்கு முதலில் எடுத்து வந்தது பித்தளை ஜாலி, ஓட்டை ஓட்டையான அலங்காரத் தகடு. பார்க்கக் கொள்ளை அழகு. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் இருக்கும் துளைத்தகடு நினைவுக்கு வந்து நான் வேண்டாம் என்றேன். வைஃபை அலையின் நீளம் 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 12 சென்டிமீட்டர், வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6. அதற்குப் பக்கத்தில் கூட வராத சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள உலோகம் முழுத் தகடு போலத்தான் நடந்துகொள்ளும். பிரம்புப் பின்னல், பிளைவுட், எம்.டி.எஃப்., மைக்கா ஒட்டிய பலகை, துணி எல்லாம் சரி. உலோகப் பொடி கலந்த ஸ்ப்ரே பெயின்ட் அடித்துப் பெட்டியைப் பொன்னிறமாக்கலாமே என்று அக்கா மகள் கேட்டாள். அதற்கும் அதே பதில்.

இப்போது மாடி மேசையில் -50, சோபாவில் -48, சமையலறையில் -55. சுவரில் கொஞ்ச தூரம் வெளியே வரும் கம்பிக்கு பி.வி.சி. கேசிங் போட்டு, சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்டையே அதன் மேலும் அடித்தோம். புதிதாக வாங்கியது கம்பி, கேசிங், ஆசாரி கூலி, அவ்வளவுதான்.

இன்னும் பூச்சு வேலை முடியாத வீடு என்றால் நான் இதில் பாதியைச் செய்ய மாட்டேன். மாடிப்படித் திருப்பத்தின் கூரையில் ஒரு பைப் விட்டு, கூரையில் ஒட்டும் வெள்ளைத் தட்டு மாதிரியான கருவியை மாட்டிவிடுவேன். லேன் கம்பியிலேயே அதற்கு மின்சாரமும் போய்விடும், அடாப்டர் கிடையாது. கூரையில் விளக்கும் மின்விசிறியும் இருப்பதைப் போல அதுவும் இருக்கும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். வரைபடம் போடும் நாளில் எலக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற வேலை. யாரும் சொல்வதில்லை, ஃப்ரிட்ஜுக்கு மட்டும் பிளக் பாயின்ட் யோசித்து வைக்கிறார்கள்.

எனக்கு இன்னும் மனம் ஒப்பாதது ஒன்று பாக்கி இருக்கிறது. மாடத்தில் காற்றோட்டத்துக்காகப் படத்தைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மாட்டியிருக்கிறோம், அடாப்டரை வெளியே எடுத்தாயிற்று, வைஃபை அணைந்ததால் பெட்டியின் சூடும் குறைந்திருக்கிறது. இருந்தும் சித்திரையில் போனபோது படத்தின் பின்பலகையைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. துணியும் சுண்ணமும் பசையும் வைத்துச் செய்த பழைய படம் அது. வருஷக்கணக்கில் அந்தச் சூட்டில் இருந்தால் மேடு வெடித்து ரேக்கு உரிய ஆரம்பிக்கலாம். அந்த இடத்தில் வேறு ஏதாவது மாட்டிவிட்டு, கிருஷ்ணரை எதிர்ச்சுவருக்கு மாற்று என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் கேட்டேன். "ஆடி போகட்டும்டா, ஆவணியில ஆசாரியக் கூப்பிடுறேன்" என்றாள்.